ஒஸ்தாவும் உஸ்தாதும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மத்ரசாவில் எமது பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரை ‘உஸ்தாத்’ என்று அழைக்கிறோம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் எமது ஊர்களில் இன்னொரு சொல்லும் இருந்தது. பிறந்த பிள்ளையின் தலைமுடி இறக்கியவரையும், பையன்களுக்குச் சுன்னத்து வைத்தவரையும், கல்யாணத்துக்கு முதல் மாப்பிள்ளைக்கு முகம் வழித்தவரையும் ‘ஒஸ்தா’ என்றார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். அல்லது பக்கத்தில் இருப்பவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

இரண்டும் ஒரே சொல்தான். எத்தனை பேருக்கு இது தெரியுமோ தெரியாது.

பாரசீக மொழியில் ‘உஸ்தாத்’ என்றால் ஒரு கலையிலோ தொழிலிலோ கைதேர்ந்தவர், அதை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி உள்ளவர் என்று பொருள். அங்கிருந்து அது அரபுக்கும் துருக்கி மொழிக்கும் போனது. பேச்சில் சுருங்கி ‘உஸ்தா’ ஆனது. துருக்கியில் இன்றும் தச்சு வேலை, மேசன் வேலை, சமையல் எதுவானாலும் அதில் தேர்ந்தவர் ‘உஸ்தா’தான். எகிப்தில் வாகன சாரதியையும் மெக்கானிக்கையும் ‘யா உஸ்தா’ என்று கூப்பிடுவார்கள். அதில் இழிவு கிடையாது. “தொழில் தெரிந்தவரே” என்று அழைப்பது போலத்தான். அதே சொல் கடல் கடந்து எமது கரைக்கு வந்தபோது இரண்டாகப் பிரிந்தது. கிதாபைப் பிடித்த கைக்கு ஒரு பாதி கிடைத்தது, கத்தரிக்கோலைப் பிடித்த கைக்கு மறு பாதி. முதல் பாதிக்கு ஊர் கதிரை போட்டது. மறு பாதிக்குப் பாய் கூடச் சரியாகப் போடவில்லை.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இன்று அதற்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒஸ்தா மாமா என்ன செய்தார் என்று பார்ப்போம். இன்றைய இளைஞர்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்குக் கடை இருக்கவில்லை. ஒரு சிறிய பெட்டியோடு வீடு வீடாக வருவார். சவரக்கத்தி, அதைத் தீட்டும் தோல்வார், கத்தரிக்கோல், சீப்பு, கைக்கண்ணாடி, காயத்தில் தடவப் படிகாரக் கல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். முற்றத்து மர நிழலில் பலகை ஒன்றைப் போட்டு உட்காரவைத்து, மூத்தவாப்பாவில் இருந்து பேரப்பிள்ளை வரைக்கும் ஒரே காலையில் முடித்துவிட்டுப் போவார். கூலி எப்போதும் காசாக இருந்ததில்லை. அரிசி, தேங்காய், பெருநாளைக்குத் துணி என்று பலவிதமாகக் கொடுத்தார்கள். ஒஸ்தா மாமி பிள்ளைப்பேறு பார்க்கப் போவார். தாய்க்கும் சிசுவுக்கும் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்வார்.

இன்று இந்த வேலைகள் பிரிந்து போய்விட்டன. சலூன் ஒரு இடத்தில், மகப்பேற்று விடுதி வேறு இடத்தில், சத்திரசிகிச்சைக் கூடம் இன்னோரிடத்தில். அன்று இவ்வளவையும் ஒரு குடும்பம் சுமந்தது. ஒரு மனிதன் பிறந்த நேரம் அவன் தலையில் கை வைத்ததும் அவர்கள்தான், அவன் மாப்பிள்ளையாகும் நாளில் கண்ணாடி காட்டியதும் அவர்கள்தான்.

ஆனால் ஊர் அவர்களுக்கு வைத்த இடம் வேறு. “எங்களுக்குள் சாதி கிடையாது” என்று நாம் பெருமையாகச் சொல்வோம். தொழுகையில் அது உண்மை. ஒரே ஸப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் கதை மாறுகிறது. 1969இல் தொடங்கி அக்கரைப்பற்றில் தங்கிக் களஆய்வு செய்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்களின் சமூக அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. ஒஸ்தாக்களைப் பரம்பரையாக முடி வெட்டுதலும் சுன்னத்தும் செய்த, அந்தஸ்துக் குறைவாகக் கருதப்பட்ட ஒரு பிரிவினர் என்று அவர் பதிந்திருக்கிறார். அதாவது வெளியில் இருந்து வந்த ஒருவரின் கண்ணிலும் அது பட்டிருக்கிறது. மலபாரிலும் இதே தொழிலைச் செய்த மாப்பிள்ளை முஸ்லிம் குடும்பங்களை ‘ஒஸ்ஸான்’ என்று தனியாக வைத்திருந்தார்கள். எமது அயலில் தமிழ்ச் சகோதரர்களிடையே ‘பரியாரி’ என்ற சொல்லைப் பாருங்கள். வைத்தியரையும் அதனால் அழைத்தார்கள், முடி திருத்துபவரையும் அழைத்தார்கள். அங்கும் ஒரே சொல், இரண்டு மரியாதை.

இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் அரபு நாட்டில் இரத்தம் குத்தி எடுக்கும் ‘ஹிஜாமா’ தொழில் கீழ்த்தரமாகக் கருதப்பட்டது. செய்தவர்களில் பலர் அடிமைகள், அல்லது விடுதலை செய்யப்பட்ட அடிமைகள். முடி வெட்டுவதும் ஹிஜாமாவும் பல ஊர்களில் பல நூற்றாண்டுகளாக ஒரே ஆளின் கைத்தொழில். நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்தவர் அபூ தைபா என்ற அடிமை. அவருக்கு நபியவர்கள் கூலியாக உணவுப் பொருள் கொடுக்கச் சொன்னதோடு, அவருடைய எஜமானர்களிடம் பேசி அவர் மீது விதித்திருந்த வரியையும் குறைக்க வைத்தார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது. இந்தத் தொழிலின் வருமானத்தைக் குறைத்துப் பேசும் அறிவிப்புகளும் உண்டு. ஆனால் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், அது ஹராமாக இருந்திருந்தால் நபியவர்கள் கூலி கொடுத்திருக்க மாட்டார்கள் என்று விளக்கினார்கள்.

அதைவிட முக்கியமான செய்தி அபூ ஹிந்த் (ரழி) அவர்களுடையது. அவரும் ஹிஜாமா செய்தவர். பனூ பயாழா என்ற கோத்திரத்தாரிடம், அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் இருந்து பெண் எடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதாக அபூ தாவூதில் பதிவாகியிருக்கிறது. கவனியுங்கள். அவரை மதியுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. ஒரு சமூகம் ஒருவரை உண்மையில் எங்கே வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் இடம் கல்யாணம். நபியவர்கள் அந்த இடத்திலேயே கை வைத்தார்கள்.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் போவதில்லை. இலங்கையில் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் முக்கியமான நூல்களில் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ். கல்யாணப் பொருத்தம் பற்றிய ‘கபாஅத்’ சட்டத்தில், கூட்டுபவர், ஹிஜாமா செய்பவர், காவலாளி, இடையர், குளியல் விடுதி நடத்துபவர் ஆகியோர் தையற்காரரின் மகளுக்குப் பொருத்தமில்லை என்று அதில் வருகிறது. அன்றைய நகர வாழ்க்கையில் ஒரு பெண் கண்ணியக் குறைவாக உணரக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அவளும் அவளுடைய வலியும் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உள்ளதுதான். ஆக, அது ஒரு காலத்து வழக்கத்தைப் பார்த்து எழுதிய ஏற்பாடு. தொழிலை விட்டுவிட்டு மூன்று தலைமுறை கடந்த பிறகும் பேரப்பிள்ளையைப் பார்த்து “அவங்க ஒஸ்தாட ஆக்கள்” என்று சொல்லும் வழக்கம் எந்தக் கிதாபிலும் இல்லை. அது ஊரே எழுதிக்கொண்டது.

இந்தத் தொழிலின் அறிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் குர்துபா நகருக்கு 822இல் பக்தாதில் படித்த ஸிர்யாப் என்ற இசைக் கலைஞர் வந்தார். இசையோடு, நெற்றியில் முடியை ஒழுங்காக வெட்டி விட்டு, கழுத்தும் காதும் தெரியும்படி வைக்கும் புதிய பாணியையும் அவர் அங்கே பரப்பினார் என்று அந்தலூஸ் வரலாற்றை எழுதிய அல்மக்கரி குறிப்பிடுகிறார். அரச சபையில் உயர்ந்த இடத்தில் இருந்தவர் முடி அலங்காரத்தையும் கலையாகவே பார்த்தார்.

அதே குர்துபாவின் பக்கத்தில் அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. அவருடைய ‘அத்தஸ்ரீப்’ 30 பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியம். கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. கருவிகளின் படங்களோடு எழுதப்பட்டது. அதில் சிறுவர்களின் கத்னாவுக்கு ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. ஹிஜாமா செய்வோரும் மற்றவர்களும் சவரக்கத்தி முதலியவற்றால் செய்து வந்த முறைகளை அவர் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுகிறார். பிறகு நூலால் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டுவதே பாதுகாப்பானது என்று தன் அனுபவத்தில் கண்ட முடிவைச் சொல்கிறார். அதாவது எமது ஒஸ்தா மாமா செய்த வேலையை, உலகம் போற்றிய ஒரு வைத்தியர் உட்கார்ந்து ஆராய்ந்து எழுதத் தகுந்த அறிவாகக் கருதியிருக்கிறார்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். படித்த வைத்தியர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். முடி வெட்டுபவரே பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், இரத்தம் எடுப்பார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில், 1540இல், முடி வெட்டுவோரையும் சத்திரசிகிச்சை செய்வோரையும் ஒரே சங்கமாக்கிச் சட்டம் போட்டார்கள். 1745 வரைக்கும் அப்படியே இருந்தது. பிரான்சில் முடி வெட்டும் கடையில் வேலை பழகிய அம்புருவாஸ் பாரே (1510-1590) நான்கு மன்னர்களுக்குச் சத்திரசிகிச்சை வைத்தியரானார். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையை நிறுத்தியவர் அவர். பிரித்தானியாவில் இன்றும் சத்திரசிகிச்சை நிபுணர்களை ‘டொக்டர்’ என்று அழைக்காமல் ‘மிஸ்டர்’ என்று அழைப்பது அந்தப் பழைய வேரின் அடையாளம்தான். ஒரே கடையில் இருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் வெள்ளை அங்கி போட்டார், மற்றவர் கத்தரிக்கோலோடு நின்றுவிட்டார்.

கத்தரிக்கோலின் விலை திரும்ப ஏறியது எப்படி? இங்கே இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். முதலாமவர் 1759இல் பட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முஹம்மத். அயர்லாந்துக்குப் போனார். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவர். பிறகு இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியல் விடுதி திறந்து, எங்கள் பக்கத்து எண்ணெய்த் தேய்ப்பையும் உடம்பு பிடித்துவிடுவதையும் அறிமுகப்படுத்தினார். பிடித்துவிடுவதைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லில் இருந்துதான் ‘ஷாம்பூ’ என்ற சொல்லே வந்தது. பட்னாவில் செய்தால் அது வேலைக்காரனின் பணி. பிரைட்டனில் அதையே செய்து நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கு ‘ஷாம்பூ சத்திரசிகிச்சையாளர்’ என்ற பட்டத்தோடு பணிபுரிந்தார்.

மற்றவர் விடால் சசூன். 1928இல் இலண்டனில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, சில வருடங்கள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 14 வயதில் ஒரு முடி அலங்காரக் கடையில் வேலை பழகச் சேர்த்தார்கள். 1954இல் இலண்டனின் பொன்ட் வீதியில் சொந்தச் சலூன் திறந்தார். ஒரு முகத்துக்கு ஏற்றபடி முடியை வெட்டுவது கட்டடம் கட்டுவது போன்ற கணக்குள்ள வேலை என்று உலகத்துக்குக் காட்டினார். கற்றுக்கொடுக்கக் கல்லூரிகள் வைத்தார். முடி வெட்டுபவரைக் ‘கலைஞர்’ என்று அழைக்கும் காலம் அவரைப் போன்றவர்களால் வந்தது. அந்த அலை கொழும்பைத் தொட்டு, இப்போது எமது ஊர்களுக்கும் வந்திருக்கிறது.

போன விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து அப்படி ஒரு புதிய சலூனுக்குப் போய்ப் பார்த்தோம். முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, ஏற்றி இறக்கும் கதிரை. தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவிவிட்டு, சூடான துவாய் போட்டு, என்ன வேலை செய்கிறோம், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறோம் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார்கள். பெண்களுக்கு மேல்மாடியில், வேறு படிக்கட்டோடு, பெண்களே நடத்தும் பகுதி. வழமையான சலூனைப் போல மூன்று மடங்கு காசு. வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியூரில் இருந்து வந்த அந்தத் தம்பி கழுத்தோரத்து முடியைச் சீராக்கிய விதத்தைப் பார்த்தபோது, இது ஒரு நாளில் வந்த கை அல்ல என்று விளங்கியது. காத்திருந்தவர்கள் எல்லோரும் அவரை மரியாதையாகவே அழைத்தார்கள். ஒருவர் தன் மகனுக்கு அவர்தான் வெட்ட வேண்டும் என்று அரை மணித்தியாலம் கூடுதலாகக் காத்திருந்தார்.

அந்தத் தம்பிக்கு ஊர் கொடுக்கும் மரியாதை சரியானது. அதே வேலையை எமது தெருவைச் சேர்ந்த, குடும்பப் பெயர் தெரிந்த ஒரு பிள்ளை செய்தால் அந்த மரியாதை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வெளியூர்க்காரரின் மூத்தவாப்பா யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அதனால் அவர் கலைஞர். எமது பிள்ளையின் மூத்தவாப்பாவை எல்லோருக்கும் தெரியும். அதனால் அவன் ‘ஒஸ்தாட பேரன்’.

இது வெறும் வாதம் அல்ல. பெயரோ ஊரோ சொல்லாமல் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறோம். படிப்பில் நடுத்தரம், ஆனால் கை அற்புதமான கை. விடுதி நண்பர்களுக்கெல்லாம் அவன்தான் முடி வெட்டிவிடுவான். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டபோது, முடி அலங்காரப் பயிற்சி படிக்க ஆசை என்றான். வீட்டில் பேசிப் பார்க்கப் போனோம். அவனுடைய வாப்பா சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார்: “சேர், அந்தப் பேரைக் கழுவ நாங்க பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எண்ட மகள் ரெண்டு பேர் கல்யாணத்துக்கு இருக்காங்க. இவன் திரும்பவும் கத்தரிக்கோலத் தூக்கினா அவங்கள யார் கேட்டு வருவாங்க?”

அந்த வாப்பாவுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் பயந்தது தொழிலுக்கு அல்ல, ஊருக்கு. அந்த மாணவன் இப்போது வளைகுடா நாடொன்றில் நல்ல சலூனில் வேலை செய்கிறான், நல்ல சம்பளம். ஊரில் கேட்டால் ஹோட்டலில் வேலை என்று வீட்டார் சொல்கிறார்கள். ஹலாலான உழைப்பை மறைத்துச் சொல்லும் நிலைமைக்கு ஒரு குடும்பத்தை ஊர் தள்ளியிருக்கிறது.

இந்த நாட்டில் முடி அலங்காரத்துக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கலாம். அதை வைத்துச் சொந்தக் கடை போடலாம், வெளிநாடும் போகலாம். வீட்டை விட்டுத் தூரம் போக முடியாத எமது பெண்பிள்ளைகளுக்கும் இது கண்ணியமான வருமானம். வழிகாட்டல் வகுப்பில் இதைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகளின் கண்களில் ஆர்வம் தெரிகிறது. ஆனால் கையை உயர்த்த ஒருவரும் இல்லை. யார் முதலில் உயர்த்துவது என்ற பயம்.

ஆகவே ஊராரிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, கல்யாணப் பேச்சில் “அவங்க யாருட ஆக்கள்” என்ற கேள்வி வரும்போது, அந்த மஜ்லிஸில் இருக்கும் பெரியவர் ஒருவராவது அபூ ஹிந்த் (ரழி) அவர்களின் செய்தியை ஞாபகப்படுத்துங்கள். பிள்ளையின் தொழுகை, குணம், உழைப்பு பற்றிக் கேளுங்கள். மற்றது நமக்கு வேண்டாம்.

இரண்டு, பிள்ளைகள் விளையாட்டுக்கும் ‘ஒஸ்தா’ என்ற சொல்லைக் கேலியாகப் பாவிக்கவிடாதீர்கள். உஸ்தாத் என்று யாரை அழைக்கிறார்களோ அவரையும் அந்தச் சொல்தான் குறிக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். வகுப்பறையில் நாங்களும் சொல்கிறோம்.

மூன்று, எமது ஊர்களில் வரலாற்று நூல்களும் பாடசாலை விழா மலர்களும் நிறைய வந்துவிட்டன. அவற்றில் மரைக்கார்மார், ஹாஜியார்மார், அதிபர்மார், உலமாக்கள் எல்லோருக்கும் பக்கங்கள் உண்டு. ஒஸ்தா மாமாவுக்கும் ஒஸ்தா மாமிக்கும் ஒரு பந்திகூட இல்லை. அவர்களைக் கண்ட கடைசித் தலைமுறை இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். முற்றத்தில் எங்கே பலகை போடுவார்கள், பெட்டியில் என்ன வைத்திருப்பார்கள், பிள்ளை அழாமல் இருக்க என்ன கதை சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குடும்பத்தார் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள், மரியாதையோடு எழுதுங்கள். அடுத்த ஊர் மலர் எங்கே அச்சுக்குப் போனாலும் அதில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வேலை. தகவல் தருவது உங்கள் வேலை.